பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கும்

சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, ஹாஸ்டலில் இருக்கும் மகளின் அறையில், அவளுடைய மேசை முன்னால் உட்கார்ந்து இளம்பரிதி எட்டாவது நாளாக அந்தப் பட்டியலைத் திறந்தார். இன்றைக்குத் திறக்கக்கூடாது என்று பல் விளக்கும்போதே முடிவு செய்திருந்தார். காப்பி குடித்து முடிக்கும்வரை அந்த முடிவு அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமை என்றால் பேக்கப் சரிபார்க்கிற நாள், அதற்காகத்தான் கணினியைப் போடுகிறோம், பார்த்துவிட்டு எழுந்துவிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் அறைக்குள் வந்தார். விரல் அதன்பாட்டுக்குப் போய்விட்டது. மேசைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. பழைய கணினி ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டி அவரே செய்த சர்வர். வீட்டில் இருக்கிற எந்த ஃபோனும் டிவியும் வெளியே ஒரு இடத்துக்குப் போகவேண்டுமென்றால் முதலில் அதனிடம்தான் விலாசம் கேட்டாகவேண்டும். விளம்பரக் கம்பெனிகளின் விலாசத்தைக் கேட்டால் தராது. மற்றதைத் தரும். தந்துவிட்டு, இன்ன ஃபோன், இன்ன நேரம், இன்ன பெயர் என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளும். அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொள்வதைப் போல. யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று நோட்டில் இருக்கும், உள்ளே என்ன பேசினார்கள் என்று இருக்காது. பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பாடம் எடுக்கிறவர், இதை எத்தனையோ முறை கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பெயர் மட்டும்தான் இருக்கும், பெயரை வைத்து எதையும் முடிவு செய்துவிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

முதல் பெயரைப் போன சனிக்கிழமை பார்த்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு மனைவி அமுதவல்லியின் ஃபோன் சென்னையில் இருக்கும் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் விலாசத்தைக் கேட்டிருந்தது. யாருக்கோ பார்த்திருப்பாள், தெருவில் யாருக்காவது இருக்கும் என்று நினைத்தார். அதற்கு நான்கு வரி கீழே மார்புக் கட்டியைப் பற்றி மட்டுமே எழுதுகிற ஒரு ஆங்கிலத் தளம். இரண்டு இருபதிலிருந்து நான்கு மணிவரை அதே பெயர் பதினேழு முறை. தெருவில் இருக்கிறவளுக்காக ஒருத்தி பதினேழு முறை போவாளா? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை, அந்த ஒரு நாள் முழுக்க அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார், மத்தியானம் மீன் வாங்கி வந்தார். திங்கள்கிழமை மறுபடியும் வந்தது. செவ்வாய்க்கிழமை, அந்த நோய் வந்தவர்களே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற இடம் போலிருந்த ஒன்று. புதன்கிழமை அஞ்சு ரோட்டு ஸ்கேன் சென்டரின் பெயர், காலை ஒன்பது நாற்பதுக்கு. அதற்குப் பின் பன்னிரண்டரை வரைக்கும் அவள் ஃபோனிலிருந்து ஒரு வரிகூட இல்லை. ஃபோன் வீட்டில் இல்லை. அதாவது அவள் வீட்டில் இல்லை. அன்று காலை பத்து மணிக்கு அவர் இரண்டாம் ஆண்டுப் பையன்களுக்கு டிரான்ஸ்பார்மர் நடத்திக்கொண்டிருந்தார், சாயங்காலம் வந்து "இன்னைக்கு எங்கயும் போகலையா?" என்று கேட்டதற்கு அவள் "எங்க போகப்போறேன்" என்றாள். அவர் கேட்டதும் ஒரு பொய், அவள் சொன்னதும் ஒரு பொய். இரண்டு பொய்யும் ஒரே சாம்பாரை ஊற்றிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டன. வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று, மறுபடியும் ஸ்கேன் சென்டர், மறுபடியும் அந்தச் சென்னை ஆஸ்பத்திரி, அதன் பின் அதே அஞ்சு ரோட்டில் இருக்கிற உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்று. இன்று காலை ஆறு ஐம்பதுக்கு அந்த உள்ளூர் ஆஸ்பத்திரியேதான்.

"என்னங்க, தோசை ஊத்தட்டுமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்ததும் திரையை மூடிவிட்டு எழுந்தார். மூடினதை அவள் பார்த்துவிடவில்லையே என்று வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்திருந்தது. தக்காளிச் சட்னி. அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள், முதுகுதான் தெரிந்தது, நைட்டி, கொண்டை, கழுத்தில் வியர்வை. இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிற முதுகு. அதன் மறுபுறத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எட்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது, உடனே அந்த எண்ணத்தின் மேல் தோசையைப் பிய்த்துப் போட்டார். "பத்தேமுக்காலுக்குக் கிளம்பறேன், மதியத்துக்குக் குக்கர்ல சாதம் இருக்கு, ரசம் இருக்கு" என்றாள். அக்கா வீட்டுக்கு ஆத்தூர் போகிறேன் என்று நேற்றே சொல்லியிருந்தாள். "திடீர்னு என்ன ஆத்தூர்?" என்றார் அவர். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் திரும்பினாள். தோசைத் திருப்பி கையில் இருந்தது. "ஏன் கேக்கறீங்க?" என்றாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளவேண்டும் என்பதைப் போலக் கேட்டாள், கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். கல்லில் தோசை கருகுகிற வாசம் வந்தது. "சும்மாதான்" என்றார். "சும்மாவா" என்று அவள் திரும்பிக்கொண்டாள், கருகினதைச் சுரண்டி எடுத்தாள். இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவிக்கொண்டு மறுபடியும் அந்த அறைக்கே போனார். போய் உட்கார்ந்த பிறகுதான், அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோசைத் திருப்பியைத்தான் பார்த்தோம் என்று ஞாபகம் வந்தது.

பெட்டி இரைந்தது. சூரமங்கலம் ஜங்ஷனில் ஏதோ ரயில் கிளம்புகிற சத்தம். அவர் பேக்கப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பெட்டியே ஒரு சாவிலிருந்து வந்ததுதான். ஏழு வருடம் முன்னால் அப்பா ஒரு விடியற்காலையில் போய்விட்டார், தங்கை துபாயிலிருந்து வரவேண்டியிருந்தது, அவர் ஃபோனை எடுத்து ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று ஒரே ஒரு முறை தேடினார். ஒரு முறைதான். அடுத்த ஒரு மாதம் அவர் எதைத் திறந்தாலும் ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. செய்தி படித்தால் ஃப்ரீசர் பாக்ஸ், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் பக்கத்தில் கண்ணாடி மூடிபோட்ட ஃப்ரீசர் பாக்ஸ், பூமாலையோடு. இருபத்து நான்கு மணி நேர சேவை. அப்புறம் காரியச் சாப்பாடு காண்டிராக்ட், அப்புறம் சிரார்த்தத்துக்குப் புரோகிதர். வாழ்நாள் முழுக்கப் புரோகிதரே வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றிருந்த மனிதரின் சாவுக்கு. யாரோ வீட்டுக்குள் நின்று அழுகையை அளந்துகொண்டிருக்கிறான் என்று அவருக்கு அப்போது உடம்பெல்லாம் எரிந்தது. இனிமேல் நம் வீட்டு விஷயம் நம் வீட்டுச் சுவரைத் தாண்டக்கூடாது. படம், கடிதம், காலண்டர், எல்லாம் நம் பெட்டியில். அமுதவல்லி அதற்கு டப்பா என்று பெயர் வைத்தாள். "உங்க டப்பா ராத்திரி பகலா கரண்டு குடிக்குது" என்பாள். அப்படிச் சொன்னாலும் ஒரு நாள் அவர் பட்டியலைக் காட்டி, பார், உன் ஃபோன் நீ தொடாதபோதுகூட நூறு இடத்துக்குப் போய்ச் சொல்கிறது, அத்தனையையும் நிறுத்தியாகிவிட்டது என்றபோது பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அடேங்கப்பா, நான் போறது வர்றது பூரா இதுல இருக்குதே" என்றாள். அவர் பெருமையாகச் சிரித்தார். வெளியில் இருப்பவனைத் துரத்திவிட்ட பெருமை. அவன் உட்கார்ந்து பார்த்த நாற்காலி காலியானதும் அதில் யார் உட்கார்ந்தது என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது மகள் முகிலாதான். இரண்டு வருடம் முன்னால், முதல் வருட லீவுக்கு வந்திருந்தாள். இதே மேசையில் அவள் லேப்டாப். அவர் காலையில் பட்டியலைப் பார்த்தபோது மனக்கஷ்டத்தில் இருக்கிறவர்கள் ஃபோன் பண்ணிப் பேசுகிற ஒரு உதவி இடத்தின் பெயர் இருந்தது. மூன்று நாள், மூன்று தடவை. தகப்பன் கேட்காமல் யார் கேட்பது? மத்தியானச் சாப்பாட்டில், அன்பாகத்தான், எவ்வளவு மெதுவாகக் கேட்கமுடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டார். "பாப்பா, மனசுக்கு ஏதாச்சும் கஷ்டமா? அப்பாகிட்ட சொல்லலாமில்ல?" முகிலாவின் கை தட்டிலேயே நின்றது. முதலில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அவர் அதைப் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். ஒரு விநாடிதான். அப்புறம் அவள் கண் அந்த அறைப் பக்கம் போயிற்று. "எப்படிப்பா தெரியும்?" என்றாள். அவர் சும்மா கேட்டேன் என்றார். "சும்மா இல்ல. டப்பாவுல பார்த்தீங்க." எழுந்துவிட்டாள். எச்சில் கையோடு நின்று கத்தினாள். "வெளியில இருக்கிறவன் பார்க்கறான் பார்க்கறான்னு சொல்லிச் சொல்லி, இப்ப வீட்டுக்குள்ளேயே நீங்க பார்க்கறீங்க. அவனாவது எம் பேரு தெரியாம பார்க்கறான்பா." அந்த ஒரு வாக்கியம். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தால் வைஃபையை அணைத்துவிட்டுத் தன் டேட்டாவையே செலவு செய்கிறாள், ஃபோன் பேச மொட்டைமாடிக்குப் போகிறாள். அவளுக்கு என்ன கஷ்டம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அமுதவல்லிக்குத் தெரியும் என்று நினைக்கிறார். அன்று சாயங்காலம் அமுதவல்லி முன்னால் வைத்து மகளுக்கு வாக்குக் கொடுத்தார், பட்டியல் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன், இனிமேல் பார்க்கமாட்டேன் என்று. நிறுத்தவும் செய்தார். நான்கு மாதம் நிறுத்தியிருந்தார். அப்புறம் புது டிவி வந்தது, அது எங்கேயோ யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது, எங்கே என்று கண்டுபிடிக்கப் பட்டியலைத் திறக்கவேண்டியிருந்தது. கண்டுபிடித்தார். மூடவில்லை. மறந்துபோய் மூடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தினமும் காலையில் காப்பியோடு மறந்துகொண்டிருந்தார்.

ஆக இப்போது கேட்பது எப்படி? அமுதா, உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டால், ஏன் திடீரென்று என்பாள். முகம் வாடியிருக்கிறதே என்று சொல்லலாம். முகம் வாடித்தான் இருக்கிறதா? அவர் எட்டு நாளாகப் பட்டியலைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை வாடாமலே இருந்தால், அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். வேறு மாதிரி, பாலிடெக்னிக்கில் மனைவிமார்களுக்கெல்லாம் இலவசப் பரிசோதனை முகாம் வைக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்கலாம். இதை செவ்வாய்க்கிழமையே யோசித்து, முகாமின் தேதி இடம்வரை மனத்தில் தயார் செய்து, சாப்பாட்டு மேசைவரை கொண்டுவந்து, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் சொல்லட்டும் என்று விடுவதுதான் மரியாதை. ஒருத்தி தன் உடம்பைப் பற்றித் தானே சொல்கிறவரை காத்திருப்பது. அதுதானே அவர் மேடையேறி எல்லாம் பேசுகிற விஷயம், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பவனிடம்கூட, மறைக்கிறதற்கும் சொல்லாமல் வைத்திருக்கிறதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று. ஆனால் அவள் சொல்லமாட்டாள். அவளுடைய அம்மா இதிலேயேதான் போனாள், கல்யாணமாகி இரண்டாவது வருடம். அந்த வீட்டில் யாருமே அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. கட்டி என்றார்கள், அப்புறம் கட்டி என்பதையும் விட்டுவிட்டு அது என்றார்கள். அது இப்ப பரவாயில்லையாமா. அது தோளுக்கு வந்துருச்சாம். கடைசியில் மாமியாரைப் பார்க்கப் போனபோது அறையில் ஊதுபத்தி கட்டுக்கட்டாக எரிந்துகொண்டிருந்தது, அப்படியும் அந்த வாசம் இருந்தது, அமுதவல்லி வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது அவள் அம்மாவின் வயதாகிவிட்டது என்று கணக்குப் போட்டார். கொல்லைப் பக்கம் அவள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "ம். ம். இல்லக்கா. கேக்கல" என்றது காதில் விழுந்தது. குழாய்ச் சத்தத்தில் மற்றது விழவில்லை. கேட்கவில்லை என்றால், ஃபோனில் குரல் கேட்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பேக்கப் பக்கத்தில் பச்சை எழுத்தில் எல்லாம் சரி என்று இருந்தது. யார் யார் ஃபோனிலிருந்து இந்த வாரம் எத்தனை படம் வந்தது என்றும் இருந்தது. அவரிடமிருந்து பதினொன்று, கரும்பலகையும் ஸ்கூட்டர் இன்சூரன்சும். முகிலா, பூஜ்யம். அமுதவல்லி, மூன்று. மூன்றும் வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, ஒரே நிமிஷத்தில். அமுதவல்லி வாரத்துக்கு நாற்பது படம் எடுக்கிறவள். செம்பருத்தி, கோலம், புடவைக் கடை, எதிர்வீட்டுப் பூனை. இந்த வாரம் மூன்றுதான். ஒரே நிமிஷத்தில் எடுத்த மூன்று படம் என்ன படமாக இருக்கும்? பூனை இல்லை. காகிதம். புதன்கிழமை ஸ்கேன், வியாழக்கிழமை ரிப்போர்ட், மூன்று பக்கம். ஃபோனில் எடுத்த படம் வீட்டு வைஃபைக்கு வந்ததும் தானே பெட்டிக்கு வந்துவிடும், அவர்தான் எல்லோர் ஃபோனிலும் அப்படி வைத்துக்கொடுத்தார், தொலைந்துபோகாமல் இருப்பதற்காக. அவளவள் படத்துக்கு அவளவள் பூட்டு. பெட்டியின் சொந்தக்காரருக்கு மட்டும் எல்லாப் பூட்டுக்கும் சாவி உண்டு, யாராவது பாஸ்வேர்டு மறந்துவிட்டால் வேண்டும் என்பதற்காக. அந்தச் சாவியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. இரண்டு கிளிக். இரண்டே கிளிக்கில் ஆமாம் அல்லது இல்லை என்று தெரிந்துவிடும். மவுஸின் மேல் கை போயிற்று. இது கூடாது, பட்டியல் என்பது வேறு, வெறும் பெயர், இது அவளுடைய உடம்பு, இதைத் திறந்தால் அப்புறம் நான் மனுஷனே இல்லை என்று அவருக்குள் ஒருவர் மிகவும் கண்ணியமாகப் பேசினார். அந்தக் கண்ணியமானவர் பேசப் பேச, அதற்கும் பின்னால் இன்னொருவர் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, திறக்காதே, திறந்தால் இருந்துவிடும், திறக்காதவரை இல்லை என்று நடுங்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், திறக்காதே. கண்ணியமானவர் சொன்னதால்தான் கையை எடுத்தோம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

எடுத்த கை சும்மா இருக்கவில்லை. தெரிந்ததுதானே எல்லாத் தொல்லைக்கும் காரணம், தெரியாமல் இருந்தால்? அவர் பட்டியலுக்குத் திரும்பிப் போனார். எட்டு நாளையும் சேர்த்து, அதற்கு முந்தின மாதங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார். மறுபடி வராது, நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். திரை வெள்ளையாகிவிட்டது. மார்பில் ஏதோ இறங்கியது போல ஒரு லேசு, வீடு பெருக்கிய மாதிரி. இப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஆத்தூர் போகிறாள், அக்கா வீட்டுக்கு. சாயங்காலம் வருவாள், வந்து சொல்வதானால் சொல்வாள், அப்போது முதல்முறையாகக் கேட்பவர் போல அதிர்ச்சி அடையலாம், அந்த அதிர்ச்சியில் பொய் இருக்காது. கிட்டத்தட்ட இருக்காது. அப்படி அவர் உட்கார்ந்திருந்தபோது புடவைச் சத்தம் கேட்டது. அமுதவல்லி வாசற்படியில் நின்றிருந்தாள், இளம்பச்சை வாயில் புடவை, தோளில் பை, பையிலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறை பாதி வெளியே தெரிந்தது. அதை அவள் மறைத்து வைக்கவில்லை.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"எதை?"

"பட்டியலத்தான்."

"நான் எதுக்கு அதைப் பார்க்கறேன்? அன்னைக்கே நிறுத்திட்டேன்னு சொன்னேனே. வேணும்னா நீயே பாரு" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். ஏன் திருப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. வெள்ளைத் திரை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு வரி விழுந்தது. அமுதவல்லி ஃபோன், பத்து முப்பத்தெட்டு, ஆட்டோ கூப்பிடுகிற கம்பெனியின் பெயர். இன்னொரு வரி விழுந்தது. அவள் குனிந்து படித்தாள், அன்றைக்குப் படித்த மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக. "இப்பத்தான் அழிச்சிருக்கீங்க" என்றாள்.

அவர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பார்க்கமாட்டேன்னு முகிலாகிட்ட சொன்னீங்க. பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். என் ஃபோன்ல டேட்டா இருக்குதுங்க. வைஃபையை அணைச்சிட்டுத் தேடத் தெரியாதா எனக்கு? வீட்டுலயேதான் தேடினேன். எட்டு நாளா. ரிப்போர்ட்டையும் ஃபோட்டோ எடுத்தேன், அதுவும் இங்கதான வரும். அதையும் பார்த்தீங்களா?"

"அதைப் பார்க்கல. அது தப்புன்னு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வாய்ல வரலீங்க" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. "அந்த வார்த்தை வாய்ல வரவே மாட்டேங்குது. எங்கம்மா போனதுலேர்ந்து அதை நான் சொன்னதில்ல. நீங்க பார்த்துட்டுக் கேட்டா, ஆமாங்கன்னு மட்டும் சொல்லிடலாம்னு இருந்தேன். தினமும் காலையில நீங்க உள்ள போவீங்க. இதோ வந்து கேக்கப்போறாருன்னு அடுப்பைப் பார்த்துட்டு நிப்பேன். நீங்க வந்து உப்பு கம்மிங்கறீங்க."

"நான் கேட்டா நீ கோவிச்சுக்குவேன்னுதான் அமுதா. முகிலா விஷயத்துல பட்டாச்சே."

"அவகிட்ட கேட்டீங்கல்ல" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாக்கியம் இன்னும் நீளமாக இருக்கும், மீதியும் வரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. புதன்கிழமை தனியாகப் போய் மேமோகிராம் எடுத்தாளாம். இன்றைக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கிறார்களாம். ஆத்தூரெல்லாம் இல்லை, அக்காதான் ஆத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள், இவள் இப்போது கூப்பிட்டுக் கொடுத்த ஆட்டோவிலேயே வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். இதையெல்லாம் பால்காரனுக்கு எவ்வளவு பால் வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நானும் வர்றேன். ஒரு நிமிஷம், சட்டை மாத்திக்கறேன்."

"வேணாங்க" என்றாள். "நீங்க வந்தா அங்கயும் பேசாம உக்காந்திருப்பீங்க. எனக்காகப் பயப்படறீங்கன்னு தெரியும். ஆனா இன்னைக்கு எனக்குப் பேசற ஆளு வேணும்." பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கேஸை அணைத்தோமா என்று ஒரு தடவை சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அவர் அறை நடுவில் நின்றார். கூடவே ஓடவேண்டும் என்று தோன்றியது. கால் அசையவில்லை. எட்டு நாள், தினமும் ஒரு தரம் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற எட்டு காலை. இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவளுடைய அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தார்! தூது என்று ஒருத்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள், பதினேழு முறை ஒரே பெயரை, இவர் அதைத் திருட்டுத்தனமாகப் படித்துப் படித்து ஒளித்து வைத்திருக்கிறார், கடைசியில் அழித்தும்விட்டார். என்ன தெரியும் இவருக்கு? எந்த நிமிஷம் எந்தப் பெயரைக் கேட்டாள் என்று தெரியும். எந்த நாள் வீட்டில் இல்லை என்று தெரியும். எத்தனை பக்க ரிப்போர்ட் என்றுகூடத் தெரியும். வலிக்கிறதா என்று தெரியாது. எப்போது, எப்படிக் கை பட்டது, குளிக்கும்போதா, புடவை கட்டும்போதா, கை பட்டதும் யாரை நினைத்துக்கொண்டாள், தெரியாது. வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தமும் அவளுடைய அக்கா தேவகியின் குரலும் கேட்டன. கேட் இரும்பு உராய்ந்தது. அப்போதுதான் கால் வந்தது.

வெறுங்காலோடு, லுங்கியோடு, தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டுக் குமரகுரு பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஹோஸ் பைப்போடு நிமிர்ந்து, "என்ன சார், மேடம் ஊருக்கா?" என்றார். ஆட்டோவுக்குள் தேவகி அக்கா தங்கையின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு இவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி வண்டிக்காரர் நின்றிருந்தார், இரண்டு பெண்கள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டு விலாசத்தைக்கூடக் கூரியர்காரனுக்கு முழுதாகக் கொடுக்காத மனிதர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேலே, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

"எந்தப் பக்கம், அமுதா?"

கத்தரிக்காய் பொறுக்கின கைகள் நின்றன. ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் குமரகுருவின் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அமுதவல்லி அவரைப் பார்த்தாள். முகம் வாடித்தான் இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, இடது நெற்றியோரத்தில் புதிதாக ஒரு நரை இருந்தது. எட்டு நாளில் முதல்முறையாக அவர் அதைப் பார்த்தார். கேட்டதை நம்பலாமா என்று யோசிக்கிறவள் போல இருந்தாள். பிறகு, அவரைப் பார்த்தபடியே, "இடது பக்கம்" என்றாள்.

"லெஃப்ட்டாங்கம்மா?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அஞ்சு ரோட்டுக்கு நேராத்தானே போகணும்?"

"நேராவே போங்க" என்றாள் அவள்.